சபைக் குழுவில் உட்காரும் வக்கீலுக்கு

நான் வக்கீல், 14 வருஷமாக என் கிறிஸ்தவ சபையில் மூப்பர், அதாவது சபையை நிர்வகிக்கும் குழுவில் ஒருவர். புராட்டஸ்டண்டுகளில் ஒரு பிரிவான பிரெஸ்பிட்டேரியன் சபைகளின் மன்றத்தில் போதகரோடு மூப்பர்களும் உட்கார்ந்து ஓட்டுப் போடுகிறார்கள். அந்த முறைக்கு உருவம் கொடுத்த 16-ஆம் நூற்றாண்டுச் சபைச் சீர்திருத்தவாதி ஜான் கால்வினும் சட்டம் படித்தவர்தான். 1541-இல் ஜெனீவாவுக்கு அவர் வகுத்த சபை ஒழுங்கில் மூப்பர்களுக்குத் தனிப் பொறுப்பு உண்டு. அந்தப் பொறுப்புக்கு வரும் வக்கீல்களுக்கு இதை எழுதுகிறேன்.

முதல் சில மாதங்கள் பேச்சைக் குறைத்துப் படியுங்கள்: சபையின் அமைப்பு விதி, சொத்துப் பத்திரம், பழைய மினிட்ஸ் புத்தகங்கள். எங்கள் புத்தகத்தில் ஒரு ஓரத்தில் பென்சிலில், "கூரைக்காக ஒரு சகோதரி கொடுத்தது" என்று எழுதியிருந்தது. அந்தப் பணம் சம்பளத்துக்குப் போயிருந்தது. யாரும் திருடவில்லை, யாரும் படிக்கவில்லை, அவ்வளவுதான். ஒரு காரியத்துக்கென்று கொடுத்த காணிக்கை அதற்கே போக வேண்டும். மூன்று தவணையில் திருப்பி வைத்தோம்.

ஆராதனை முடிந்து வாசலில் ஒருவர் உங்கள் கையைப் பிடித்துக்கொண்டு வீட்டு வழக்கைச் சொல்லத் தொடங்குவார். உடனே கேளுங்கள்: "ஐயா, மூப்பரிடம் சொல்கிறீர்களா, வக்கீலிடமா?" வக்கீலிடம் என்றால் ஆபீசுக்கு வரச் சொல்லுங்கள். மூப்பரிடம் என்றால் அங்கேயே சேர்ந்து ஜெபியுங்கள். இதைக் கேட்காமல் விட்டால், அவர் சொன்னதைக் குழுவில் பேசலாமா கூடாதா என்று பிறகு தவிப்பீர்கள். சபையின் வழக்கை நீங்களே நடத்தாதீர்கள், இலவசமாகக்கூட வேண்டாம்.

கூட்ட விதிகளை நன்றாகக் கற்றுக்கொள்ளுங்கள். 1863-இல் அமெரிக்காவின் நியூ பெட்ஃபோர்டில் ஒரு சபைக் கூட்டத்துக்குத் தலைமை தாங்கிய ராணுவப் பொறியாளர் ஹென்றி ராபர்ட், அதைக் கட்டுப்படுத்த முடியாமல் தலைகுனிந்தார். அந்த அனுபவம்தான் 1876-இல் அவர் வெளியிட்ட கூட்ட நடைமுறை விதிகளுக்கு வித்து. ஆனால் விதி தெரியாதவரை மடக்க அதை எடுக்காதீர்கள். பேசத் தெரியாமல் நிற்கும் அம்மாவிடம், "இதைத் தீர்மானத்துக்கு ஒரு திருத்தமாகக் கொடுக்கலாம் அம்மா" என்று வழிகாட்டுங்கள்.

நான் ஒருமுறை பொருளாளரைக் கோர்ட்டில் குறுக்கு விசாரணை செய்வதுபோல் கேட்டுவிட்டேன். கணக்கு ஒரு பைசா பிசகவில்லை. பதில் சொல்லும்போது அவர் கையிலிருந்த ரசீதுக் கட்டு நடுங்கியது. அடுத்த மாதம் விலகிவிட்டார். வீட்டுக்குப் போய் மன்னிப்புக் கேட்டேன். மன்னித்தார், பொறுப்புக்குத் திரும்பவில்லை. அதற்குப் பிறகு கணக்கில் சந்தேகம் வந்தால் முதலில் தனியாகப் போய்க் கேட்கிறேன். பைபிளில் மத்தேயு 18 அப்படித்தான் சொல்கிறது.

கடைசியாக ஒன்று. விசுவாசிகள் ஒருவர்மேல் ஒருவர் வழக்குக்குப் போவதைக் கண்டிக்கும் 1 கொரிந்தியர் 6-ஐக் காட்டி, "கோர்ட்டுக்குப் போகாமல் பேசித் தீர்ப்போம்" என்பார்கள். கடன், சொத்துத் தகராறு என்றால் சரி, உட்கார்ந்து சமரசம் செய்து வையுங்கள். ஒரு பிள்ளைக்குத் தீங்கு நடந்ததாகப் புகார் வந்தால் அது சமரசத்துக்கு உரியதல்ல. அன்றைக்கே போலீசுக்குச் சொல்லுங்கள். புகாருக்குள்ளானவரைப் பிள்ளைகள் இருக்கும் இடத்திலிருந்து விலக்கி வையுங்கள். குழுவே விசாரணை நடத்த விடாதீர்கள். "சபை பெயர் கெடுமே" என்று மற்றவர்கள் தயங்கினால், போனை எடுக்க வேண்டியவர் நீங்கள்தான்.