பழைய ஆங்கிலச் சொற்களுக்குப் பொருள் காண்பது எப்படி?

பழைய ஆங்கில நூலில் கேட்டறியாத சொல் வந்தால் உடனே அகராதியைத் திறக்கிறோம். அன்றாடம் புழங்கும் சொல் வந்தால் நமக்குச் சந்தேகமே எழுவதில்லை. வாசகரை அதிகம் ஏமாற்றுவது இந்த இரண்டாம் வகைதான்.

உங்கள் பாஸ்போர்ட்டையே எடுத்துப் பாருங்கள். அதை வைத்திருப்பவரை 'வித்தவுட் லெட் ஆர் ஹின்ட்ரன்ஸ்' செல்ல விடுமாறு குடியரசுத் தலைவரின் பெயரால் அதில் கேட்டுக்கொள்ளப்பட்டிருக்கும். 'லெட்' என்றால் 'அனுமதி' என்று கொண்டால், அனுமதியின்றிச் செல்லவிடுங்கள் என்று தலைகீழாகப் பொருள்படும். உண்மையில் இங்கே 'லெட்' என்பது தடை. பழைய ஆங்கிலத்தில் அனுமதிப்பதற்கும் தடுப்பதற்கும் தனித்தனியே இருந்த இரண்டு வினைச்சொற்கள் காலப்போக்கில் ஒரே வடிவத்தை அடைந்துவிட்டன. ஆகவே, ஒரு வாக்கியம் தனக்குத்தானே முரண்படுவதாகத் தோன்றினால், எளிய சொல்லையே முதலில் ஐயுறுங்கள். அகராதியில் அதே எழுத்துகளில் இரண்டாவது பதிவு இருக்கிறதா என்றும் பாருங்கள்.

அடுத்து, நூல் வெளியான ஆண்டைக் குறித்துக்கொண்டு, அந்தக் காலத்துக்குப் பொருந்தும் அகராதியை நாட வேண்டும். மாணவர்களுக்கான கையகராதிகள் பெரும்பாலும் இன்றைய பொருளையே தருவதால் இங்கே உதவமாட்டா. 1884 முதல் 1928 வரை பகுதி பகுதியாக வெளிவந்து நிறைவுற்ற ஆக்ஸ்போர்டு ஆங்கில அகராதியோ ஒவ்வொரு பொருளையும் ஆண்டு குறித்த மேற்கோள்களுடன் வரலாற்று நோக்கில் தருகிறது. பதினெட்டாம் நூற்றாண்டு நூல்களுக்கு 1755இல் வெளியான சாமுவேல் ஜான்சனின் அகராதியும் நல்ல துணை. அக்காலப் பதிப்புகளின் படிமங்களைப் படிப்போர், சொல்லின் முதலிலும் இடையிலும் 'எஃப்' போலத் தெரியும் எழுத்து பல இடங்களில் 'எஸ்' என்பதையும் நினைவில் கொள்ள வேண்டும்.

தமிழ் மொழிபெயர்ப்பு இருந்தால் அதையும் அருகில் வைத்துக்கொள்ளுங்கள். 1611ஆம் ஆண்டின் ஆங்கில விவிலியத்தில் 'மீட் ஆஃபரிங்' என்று வரும் காணிக்கையில் இறைச்சியே இல்லை. மெல்லிய மாவும் எண்ணெயும் தூபவர்க்கமும்தான் உண்டு. 'மீட்' அன்று உணவு அனைத்தையும் குறித்தது. தமிழ் விவிலியம் அதைப் 'போஜனபலி' என்று சொல்லி ஐயத்தைத் தீர்த்துவிடுகிறது. அவ்வாறே 'பிரிவென்ட்' என்ற சொல் அங்கே தடுப்பதைக் குறிக்காமல் முந்திக்கொள்வதைக் குறிக்கும். கண்டுபிடித்த பொருளை அதே வாக்கியத்தில் இட்டு, முன்னும் பின்னும் உள்ள வரிகளோடு சேர்த்து ஒருமுறை படித்துப் பார்த்த பிறகே அதை ஏற்க வேண்டும்.

'தௌ', 'யூ' ஆகிய முன்னிலைச் சொற்களில் தமிழருக்கு ஒரு வசதி உண்டு. 'தௌ' ஒருமை; 'யூ' பன்மைக்கும் மரியாதைக்கும் உரியது. விவிலியத்தில் 'தௌ' வெறும் ஒருமையே என்பதால் அங்கே மரியாதைக் குறைவைத் தேடக்கூடாது. ஷேக்ஸ்பியரின் நாடகங்களிலோ இந்த மாற்றத்தைக் கூர்ந்து கவனிக்க வேண்டும். 'ஹேம்லட்' நாடகத்தில் அரசி தன் மகனைத் 'தௌ' என்று விளித்துக் கண்டிக்கிறாள். அவன் 'யூ' என்று விலகி நின்று விடை தருகிறான். அதைக் கேட்டதும் தாயும் 'யூ'வுக்கு மாறிவிடுகிறாள். கோபம் வந்தால் 'நீ' சட்டென்று 'நீங்கள்' ஆகிவிடும் வீடுகளில் வளர்ந்த நமக்கு, இந்த மூன்று வரிகளின் சூடு உரையாசிரியர் இல்லாமலே புரியும்.