பழைய எம்டிபி சைக்கிளில் 40 கிலோ ஏற்றுவது எப்படி

இரண்டு 20 லிட்டர் தண்ணீர் கேன், அல்லது 25 கிலோ அரிசி மூட்டையோடு 15 கிலோ காய்கறி. இதுதான் இங்கே இலக்கு. வீட்டு கேஸ் சிலிண்டர் நிறைந்திருந்தால் 30 கிலோ வரும், அதுவும் இதற்குள் அடக்கம். 26 அங்குலச் சக்கரமும் இரும்பு பிரேமும் கொண்ட பழைய எம்டிபி (மவுன்டன் பைக் எனும் மலைப்பாதை வகை) சைக்கிள் இந்தப் பாரத்தைத் தாங்கும். சக்கரம் சிறியது என்பதால் உறுதி அதிகம், டயர் அகலம், பிரேம் குழாய்களும் பருமன். பின்னால் ஷாக் அப்சார்பர் வைத்த வண்டி மட்டும் வேண்டாம். கேரியரின் ஒரு முனை ஆடாத பகுதியிலும் மறுமுனை ஆடும் பகுதியிலும் மாட்டும் நிலை வரும், எந்தப் போல்ட்டும் அதில் நிலைக்காது. முன் ஃபோர்க்கில் மலிவான ஸ்பிரிங் இருந்தால் சமாளிக்கலாம். ஆனால் பிரேக் பிடித்ததும் முன்பக்கம் அமுங்கும். கழுத்துத் தண்டின் விட்டமும் ஃபோர்க்கின் உயரமும் பொருந்துகிற சாதாரண ஃபோர்க் கிடைத்தால் மாற்றிவிடுங்கள்.

செலவு செய்யும் வரிசை முக்கியம்: முதலில் பின்சக்கரம், அடுத்து பிரேக், பிறகு ஸ்டாண்டு, கடைசியில்தான் கேரியரும் பெட்டியும். பலர் பெரிய பெட்டியை முதலில் மாட்டிவிட்டு, ஒரு மாதத்தில் ஸ்போக்ஸ் உடைந்து நிற்கிறார்கள்.

பிரேமைப் பார்ப்பது

வண்டியைக் கழுவித் துடைத்து வெயிலில் வைத்துப் பாருங்கள். ஹேண்டிலிலிருந்து பெடலுக்கு இறங்கும் குழாயில், கழுத்தை ஒட்டி அடிப்பக்கம் விரலால் தடவுங்கள். புடைப்போ மடிப்போ தட்டுப்பட்டால் அந்த வண்டி எங்கோ நேருக்கு நேர் மோதியிருக்கிறது, பாரத்துக்கு ஆகாது. அடுத்து பெடல் அச்சைச் சுற்றியுள்ள இணைப்புகள், பின் அச்சு உட்காரும் பிளவு. பெயின்ட்டில் மயிரிழைக் கோடும் அதன் வழியே துருவும் கசிந்தால் அது விரிசல். சீட் கம்பியைக் கழற்றிக் குழாயைக் கவிழ்த்துத் தட்டுங்கள். துரு செதில் செதிலாக விழுந்தால் உள்ளே அரித்திருக்கிறது.

பிரேமில் எதையும் ஆர்க் வெல்டிங் வைக்க விடாதீர்கள். நல்ல குழாயின் சுவர் ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவாக இருக்கும், எளிதில் ஓட்டை விழும். ஓட்டை விழாவிட்டாலும் ஒட்டின் ஓரத்தில் பிறகு விரிசல் வரும். கட்டாயம் ஒட்டவேண்டுமானால் பித்தளைக் கம்பி வைத்து கேஸில் பற்றவைக்கும் பட்டறைக்குப் போங்கள்.

பின்சக்கரம்

ஸ்போக்ஸ் உடைவதற்குப் பாரத்தை விடத் தளர்ச்சிதான் பெரிய காரணம். தளர்ந்த ஸ்போக்ஸ் ஒவ்வொரு சுற்றிலும் தொய்ந்து மறுபடி விறைக்கிறது. ஹப்பில் (சக்கரத்தின் நடு உருளையில்) வளையும் இடத்தில் இந்த உலோகச் சலிப்பு சேர்ந்து, ஒரு நாள் பள்ளத்தில் இறங்கும்போது 'டிக்' என்று போகும். பெரும்பாலும் ப்ரீவீல் (செயின் ஓடும் பின்பல் சக்கரம்) பக்கம்தான் உடையும்.

எம்டிபி சக்கரத்தில் வழக்கமாக 36 துளை இருக்கும். சாதாரண 28 அங்குலச் சைக்கிளின் பின் ஹப்பில் 40 துளை என்பதால், அதைக் கொண்டுவந்து இந்த ரிம்மில் போட முடியாது. இரட்டைச் சுவர் அலுமினிய ரிம், 2 மி.மீ. தடிமனுள்ள 14 கேஜ் ஸ்டெயின்லெஸ் ஸ்போக்ஸ், 36ம் புதிதாகவே போடுங்கள். பழசும் புதுசும் கலந்தால் மீதிப் பழசு ஒவ்வொன்றாக உடையும். 13 கேஜ் வேண்டுமென்றால் ஹப் துளையிலும் ரிம் துளையிலும் நுழைகிறதா என்று முதலில் பார்க்கவேண்டும்.

கோட்டம் எடுத்து (சக்கரத்தின் கோணலை நிமிர்த்தி) முடித்ததும் பக்கத்துப் பக்கத்து ஸ்போக்ஸை இரண்டிரண்டாகக் கையால் இறுக்கிப் பிசையுங்கள். முறுக்கு விட்டு 'கிரிக் கிரிக்' என்று சத்தம் வரும். பிறகு மறுபடி கோட்டம் எடுக்க வேண்டும். அவசர வேலையில் விட்டுப்போவது இந்தப் படிதான். ஒரே பக்கத்து ஸ்போக்ஸை விரலால் மீட்டினால் ஏறக்குறைய ஒரே சுருதி வரவேண்டும்.

ஹப் அச்சைக் கழற்றிக் கண்ணாடி மேல் உருட்டுங்கள். தள்ளாடினால் வளைந்திருக்கிறது. கியர் ப்ரீவீல் வைத்த ஹப்பில் வலப்பக்க பால்ஸ் (பேரிங் குண்டுகள்) உள்ளே தள்ளி உட்கார்வதால் அந்தப் பக்கம் அச்சு சீக்கிரம் வளையும், சில சமயம் ஒடியும். 10 மி.மீ. முழு அச்சும் இருபுறமும் நட்டும் உள்ளதே நல்லது. கேரியர் கால், ஸ்டாண்டு எல்லாம் மாட்டிய பிறகும் நட்டுக்கு வெளியே ஒரு மரையாவது தெரியவேண்டும். தெரியாவிட்டால் நீள அச்சு வாங்குங்கள்.

முள்ளு டயர் தார்ச்சாலையில் மிதியை வீணாக்கும். 26 × 1.95 அளவில் வழுவழுப்பான டயர் போடுங்கள். 26 × 1⅜ என்று எழுதிய டயர் வேறு ரிம்முக்கானது, இதில் ஏறாது. 60 பிஎஸ்ஐ தாங்கும் டயராகப் பார்த்து வாங்கி, பாரம் இருக்கும் நாளில் பின்னால் 55 முதல் 60, முன்னால் 45 வையுங்கள். டயர் பக்கவாட்டில் அச்சிட்ட எண்ணைத் தாண்டவேண்டாம். காற்று குறைந்தால் பள்ளத்தில் டியூப் ரிம்மில் நசுங்கிப் பாம்புக்கடி போல இரட்டைத் துளை விழும்.

பிரேக்

குரோமியம் பூசிய இரும்பு ரிம் மழையில் நனைந்தால் பிரேக் பிடிமானம் வெகுவாகக் குறையும். அதனால் முன்சக்கரத்துக்கும் அலுமினிய ரிம்மே வாங்குங்கள். வி பிரேக் (இரு நீளக் கைகள் ரிம்மை இருபுறமும் அழுத்தும் வகை) போடுகிறவர்கள் அதற்குரிய பிடியையும் சேர்த்து வாங்கவேண்டும். கான்டிலீவர் என்ற பழைய வகை பிரேக்கின் பிடி கேபிளைக் குறைவாக இழுப்பதால் முழுதும் அழுத்தினாலும் நிற்காது. பிரேக் கட்டை ரிம்மிலிருந்து 1 முதல் 2 மி.மீ. தள்ளி இருக்கட்டும். டயரை உரசினால் டயர் அறுபடும், ரிம்முக்குக் கீழே இறங்கினால் ஸ்போக்ஸில் சிக்கும்.

ஸ்டாண்டு

ஒற்றைக்கால் ஸ்டாண்டில் 40 கிலோவை ஏற்றிப் பார்க்கவே வேண்டாம். கியர் இல்லாத வண்டிக்குச் சாதாரண சைக்கிளின் இரட்டைக்கால் ஸ்டாண்டே போதும். ஆனால் அது பெரிய சக்கரத்துக்குச் செய்தது. அப்படியே மாட்டினால் சக்கரம் தேவைக்கு மேல் சுமார் இரண்டரை செ.மீ. தூக்கி நிற்கும், பாரத்தோடு ஏற்றுவதற்குள் இடுப்பு போய்விடும். பட்டறையில் காலை அந்த அளவுக்குக் குட்டையாக்குங்கள். அச்சுத் துளை நுழையாவிட்டால் உருண்டை அரத்தால் கொஞ்சம் ராவினால் சரி. கியர் வண்டியில் டிரெய்லியர் (செயினைப் பல்லுக்குப் பல் தள்ளிக் கியர் மாற்றும் கருவி) இடிக்குமென்றால், பெடலுக்குப் பின்னால் மாட்டும் இரட்டைக்கால் சென்டர் ஸ்டாண்டு. அதை முறுக்கும்போது குழாய் நசுங்காமலிருக்க மேலும் கீழும் தட்டை இரும்புப் பட்டை வையுங்கள்.

கேரியர்

கடையில் தொங்கும் அலுமினியக் கேரியர்களில் பெரும்பாலும் 25 கிலோ என்று பொறித்திருக்கும். 40 கிலோவுக்குப் பால்காரர்கள் பூட்டும் கனத்த இரும்புக் கேரியர்தான். பாரம் போல்ட்டில் தொங்கக் கூடாது, கால் வழியாக நேராக அச்சில் இறங்கவேண்டும். கால் முனைத் துளையை அச்சில் கோத்து, வாஷர் வைத்து 15 ஸ்பேனரால் இறுக்குங்கள். முன்முனையைச் சீட்டுக்குக் கீழுள்ள குழாய்களில் பட்டைக் கிளாம்பால், நடுவில் ரப்பர் துண்டு வைத்துப் பிடியுங்கள். எல்லா இடத்திலும் நைலாக் நட்டு (உள்ளே நைலான் வளையம் உள்ள, தானாகக் கழலாத நட்டு).

எம்டிபியில் வரும் பெரிய சிக்கல் குதிகால். பெடலுக்கும் பின் அச்சுக்கும் இடைவெளி சாதாரண சைக்கிளை விடக் குறைவு என்பதால் பக்கவாட்டுப் பெட்டியில் குதிகால் இடிக்கும். உடனே பெட்டியைப் பின்னுக்குத் தள்ளத் தோன்றும். தள்ளினால் பாரம் அச்சுக்குப் பின்னால் போய், முன்சக்கரம் லேசாகி, ஹேண்டில் ஆடத் தொடங்கும். பெட்டியின் முன் மூலையைச் சாய்வாக வெட்டுவதுதான் சரியான வழி. பாரத்தின் நடு அச்சுக்கு நேர்மேலோ சற்று முன்னோ இருக்கவேண்டும். கேன்களைக் கேரியருக்கு மேலே அடுக்காமல் இருபக்கமும் தாழ்வாகத் தொங்கவிடுங்கள், தரையிலிருந்து 15 செ.மீ. மட்டும் விட்டு. சிலிண்டரை ஒரு பக்கம் மாட்டினால் மறுபக்கத்தில் எடை வையுங்கள்.

கட்டுவதற்குப் பழைய டியூப்பை 3 செ.மீ. அகலத்தில் நீளவாக்கில் வெட்டிய பட்டை கயிற்றைவிட நல்லது. நுனியை மடித்துச் செருகிவிடுங்கள், தொங்கும் நுனி ஸ்போக்ஸில் மாட்டினால் சக்கரம் அப்படியே பூட்டிக்கொள்ளும்.

கியரும் ஏற்றமும்

கியர் இல்லாத வண்டியில் முன்பல் 36, பின்பல் 18 வைத்தால் ஒரு மிதிக்குச் சக்கரம் இரண்டு சுற்று. நிமிடத்துக்கு 60 மிதியில் மணிக்கு ஏறக்குறைய 15 கி.மீ., சமவெளிக்குப் போதும். மேடுள்ள ஊரில் கியர் வேண்டும், மிகச் சிறிய கியர் ஒன்றுக்கு ஒன்று அளவில். அதற்கு மேல் பாரமோ ஏற்றமோ வந்தால் இறங்கித் தள்ளுங்கள். 1954இல் வியட்நாமின் தியன் பியன் பூவில் பிரெஞ்சுப் படையை முற்றுகையிட்டபோது வியட்நாமியர் ஒவ்வொரு சைக்கிளிலும் 200 கிலோவுக்கும் மேல் கொண்டுபோனதும் தள்ளித்தான். ஹேண்டிலில் ஒரு நீள மூங்கிலும் சீட் குழாயில் ஒரு கம்பும் செருகிப் பக்கத்தில் நடந்தார்கள்.

முதலில் 10 கிலோ, பிறகு 20, அதன் பிறகே 40 ஏற்றி, ஆளில்லாத தெருவில் பிரேக் பிடித்துப் பாருங்கள். 50 கி.மீ. ஓடியதும் ஸ்போக்ஸ், அச்சு நட்டு, கேரியர் போல்ட் எல்லாவற்றையும் மறுபடி இறுக்கவேண்டும். புது ஸ்போக்ஸ் முதல் சில நாளில் தொய்யத்தான் செய்யும். பிறகு மாதம் ஒரு முறை செயினில் 24 பின் இடைவெளியை அளங்கள். புதிதில் 12 அங்குலம் இருக்கும். 1/16 அங்குலம் நீண்டதும் செயினை மாற்றினால் ப்ரீவீல் தப்பும். 1/8 வரை விட்டால் இரண்டையும் சேர்த்து மாற்ற வேண்டிவரும்.