பழங்காசு வாங்குகிறவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

தருமபுரி, கிருஷ்ணகிரி பக்கம் பழங்காசு சேர்க்கத் தொடங்கியிருக்கும் இளைஞர்கள் இப்போது நிறையப் பேர். ஞாயிற்றுக்கிழமையானால் யாராவது ஒருவர் பிளாஸ்டிக் கவரில் நாலைந்து காசைப் போட்டுக்கொண்டு வந்து, "அண்ணா, இது ஒரிஜினலா பாருங்கண்ணா" என்று நீட்டுகிறார். பழங்காசு சேர்க்கும் எங்கள் செட்டில் ஆளாளுக்கு எந்தக் காசில் பணத்தை விட்டோமோ, அதே காசைத்தான் இவர்களும் வாங்கி வருகிறார்கள். விலைதான் ஏறியிருக்கிறது.

இந்த வட்டாரத்தில் ஏமாறுவது சுலபம். ஏனென்றால் இங்கே உண்மையாகவே காசு இருக்கிறது. அதியமான் ஆண்ட தகடூர் இது. பாராமகால் என்று அழைக்கப்பட்ட இந்தப் பகுதி, 1792 ஸ்ரீரங்கப்பட்டண உடன்படிக்கையில் கிழக்கிந்திய கம்பெனி கைக்குப் போகும்வரை ஹைதர், திப்பு ஆட்சியில் இருந்தது. அதனால் திப்புவின் யானைக் காசு இன்றும் பாட்டிமார் சுருக்குப்பையில் கிடக்கிறது. விற்க வருகிறவர் சொல்லும் கதையில் பாதி நம்பும்படி இருப்பதற்கு இதுதான் காரணம்.

காந்தத்தில் ஒட்டும் 'செப்புக் காசு' போன்ற சில்லறைச் சங்கதிகளை விட்டுவிடுகிறேன். பணத்தைக் கரைக்கிற தவறுகளை மட்டும் சொல்கிறேன்.

ராமர் பட்டாபிஷேகக் காசு

ஒரு பக்கம் ராமர், சீதை, அனுமன். மறுபக்கம் கிழக்கிந்திய கம்பெனி பெயர், 1616, 1717, 1818 என்று ஏதோ ஓர் ஆண்டு. கம்பெனி இப்படி ஒரு காசை வெளியிட்டதே இல்லை. 1616-இல் கம்பெனிக்கு அணா அடிக்கும் வேலையும் இல்லை. இந்தியா முழுமைக்கும் பொதுவான கம்பெனி நாணயம் 1835 சட்டத்துக்குப் பிறகுதான் வந்தது. ராமர் உருவம் போட்ட பழைய கோயில் வில்லைகள் உண்டு. அவை பக்திக்காகச் செய்தவை, செலாவணிக் காசு அல்ல. பூஜையில் வைத்துக் கும்பிடத் தடையில்லை, ஆயிரக்கணக்கில் விலை மட்டும் கொடுக்காதீர்கள்.

அரிசியை இழுக்கும் காசு

அரிசிமணியைத் தானாக இழுக்கும் அதிசயக் காசு என்று சொல்லி விற்பார்கள். அப்படி ஒன்று கிடையாது. விற்க வருகிறவர்கள் மோசடிக் கும்பல்.

பொட்டலமாக மொத்தமாக வாங்குவது

இதைப் பற்றித்தான் நீளமாகச் சொல்ல வேண்டும். எத்தனை முறை எச்சரித்தாலும் புதிதாக வருகிறவர்கள் இதில்தான் போய் விழுகிறார்கள். பார்க்கும்போதெல்லாம் எனக்கு வயிறு எரிகிறது.

பாலக்கோட்டுப் பக்கத்துத் தம்பி ஒருவர் கொண்டுவந்த பொட்டலத்தையே எடுத்துக்கொள்வோம். போச்சம்பள்ளிச் சந்தைக்கு வந்த யாரோ ஒருவரிடம் வாங்கியது. "கிணறு வெட்டும்போது ஒரே கலயத்தில் கிடைத்தது" என்று சொல்லிக் கொடுத்திருக்கிறார். உள்ளே சில ராஜராஜன் செப்புக்காசுகள், தேய்ந்த திப்பு யானைக் காசுகள், யானை உருவம் போட்ட சதுரச் செப்புக்காசு இரண்டு, அப்புறம் ஒரு வெள்ளிக்காசு. அந்த வெள்ளிக்காசில் ஒரு தலை உருவம், தமிழ்-பிராமியில் 'மாக்கோதை'. சங்ககாலச் சேரர் காசு! தம்பிக்குத் தூக்கமே வரவில்லையாம்.

தம்பி விசாரிக்காமலும் வாங்கவில்லை. ஒரு ராஜராஜன் காசை மட்டும் முதலில் கேட்டு வாங்கி, விவரம் தெரிந்த ஒருவரிடம் காட்டியிருக்கிறார். அவர் பார்த்துவிட்டு அசல்தான் என்றிருக்கிறார். அந்தக் காசு அசல்தான், அதில் தப்பே இல்லை. ஒன்று அசல் என்றதும் முழுப் பொட்டலமும் அசல் என்று முடிவு கட்டிவிட்டார். தவறு அங்கேதான்.

ராஜராஜன் காசு ஏராளமாக அடிக்கப்பட்டது. நிற்கும் உருவம் ஒரு பக்கம், உட்கார்ந்த உருவமும் நாகரியில் 'ஸ்ரீ ராஜராஜ' என்ற எழுத்தும் மறுபக்கம். அதே பாணியில் இலங்கை அரசர்களும் பின்னால் காசு அடித்தார்கள். அதனால் இன்றும் சில நூறு ரூபாய்க்கு அசலே கிடைக்கும். போலிக்காரர் அதைக் காசு கொடுத்து வாங்கித்தான் பொட்டலத்தில் போடுகிறார். அவருக்கு அது முதலீடு. நாம் எதைச் சோதிப்போம் என்று அவருக்குத் தெரியும்; சோதிக்கிற காசெல்லாம் தேறிவிடும். லாபம் முழுவதும் அந்த ஒரு வெள்ளிக்காசில் இருக்கிறது.

சரி, அந்தப் பொட்டலத்தை எப்படிப் பார்த்திருக்க வேண்டும்?

முதலில் காலக்கணக்கு. மாக்கோதை காசு கி.பி. முதல் சில நூற்றாண்டுகளைச் சேர்ந்தது. ராஜராஜன் ஆட்சி 985 முதல் 1014 வரை. திப்பு 1782 முதல் 1799 வரை. இவை மூன்றும் ஒரே கலயத்தில் இருந்தால், புதைத்தவர் திப்பு காலத்து ஆள் என்று அர்த்தம். அவர் ஆயிரத்தைந்நூறு ஆண்டுக்கு முந்தைய சேரர் வெள்ளியையும் சேர்த்துவைத்துப் புதைத்தார் என்று நம்ப வேண்டும். புதையல் என்பது பெரும்பாலும் ஒருவர் தன் காலத்தில் புழங்கிய பணத்தைப் பத்திரப்படுத்தியது. கலயக் கதை அங்கேயே அடிபட்டுப் போகிறது.

அடுத்தது மண். எல்லாக் காசிலும் ஒரே செம்மண், ஒரே கனத்தில். வெள்ளி மண்ணுக்குள் ஒரு விதமாகக் கெடும், செம்பு வேறு விதமாகக் கெடும். நூற்றாண்டுக் கணக்கில் கிடந்த காசில் மண் எழுத்து இடுக்குகளில் உப்போடும் களிம்போடும் சேர்ந்து இறுகிப் போயிருக்கும். தம்பியின் காசுகளைக் காய்ச்சி வடித்த நீரில் போட்டதும் தண்ணீர் கலங்கிவிட்டது. சற்று நேரத்தில் செம்மண் முழுவதும் கிண்ணத்தின் அடியில் தங்க, வெள்ளிக்காசு மட்டும் ஒரே சீரான கறுப்பில் நின்றது. கந்தகச் சரக்கில் முக்கியெடுத்தால் வெள்ளிக்கு இந்தக் கறுப்பு சில நிமிடங்களில் வந்துவிடும்.

மூன்றாவது, அந்தச் சதுரக் காசுகள். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பத்து மடங்கு லென்ஸில் பார்த்தோம். ஒன்றில் யானையின் தும்பிக்கை நுனி எங்கே மழுங்கியிருந்ததோ, மற்றதிலும் அதே இடத்தில் மழுங்கியிருந்தது. இடது மூலையில் ஒரு சின்ன வெட்டு, இரண்டிலும். முதுகுக்கு மேலே ஒரு கீறல். இரண்டிலும், அதே நீளம், அதே சாய்வு. ஒரே அச்சில் அடித்த இரண்டு காசுகளில் உருவம் ஒன்றாக இருக்கலாம். ஆனால் கையால் சுத்தியலடித்துச் செய்த காசில் தகட்டின் வடிவமும், உருவம் விழுந்த இடமும், பிற்பாடு பட்ட அடியும் கீறலும் ஒன்றுபோல அமையவே அமையாது. கீறல்கூட ஒத்துப்போகிறது என்றால், யாரோ ஒரு காசை வைத்து அச்சு எடுத்து வார்த்திருக்கிறார்கள். விளிம்பைச் சாய்த்துப் பார்த்தால் அரத்தால் தேய்த்த இணைக்கோடுகள் தெரிந்தன. வார்ப்பில் விழுந்த இணைப்புக் கோட்டை மறைக்க ராவியது. தளத்தில் ஊசி முனையளவு உருண்டைக் குழிகள், உருக்கிய உலோகத்தில் நின்ற காற்றுக் குமிழ்கள்.

வெள்ளிக்காசின் எழுத்தும் அதே கதைதான். அடித்த காசில் எழுத்தின் பக்கச்சுவர் செங்குத்தாக எழும். தேய்ந்திருந்தாலும் அடிப்பகுதியில் கூர்மை மிச்சமிருக்கும். இதிலோ, கரைந்துபோன சோப்பில் இருக்கும் கம்பெனி பெயர் மாதிரி எல்லாம் வழவழவென்று இருந்தது.

தம்பி கொடுத்த தொகையைக் கேட்டபோது எனக்குப் பேச்சு வரவில்லை. அவருடைய சில மாதச் சம்பளம். விற்றவரின் போன் அடுத்த வாரமே அணைந்துவிட்டது.

ஆகவே பொட்டலமாக யார் காட்டினாலும் ஒவ்வொரு காசுக்கும் தனி விலை கேளுங்கள். "இந்த வெள்ளியை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள், மீதிக்கு என்ன விலை?" என்று கேட்டுப் பாருங்கள். பிரித்துத் தர மாட்டேன், எடுத்தால் முழுசாக எடு என்று நெருக்கினால் அந்த இடத்தில் நிற்காதீர்கள். சோதனைக்குக் கொண்டுபோவது என்றால் விலை அதிகமான காசைக் கொண்டுபோங்கள். அதைத் தர மறுத்தால் அதுவே பதில்.

எடை பார்க்காமல் வாங்குவது, எடையை மட்டும் பார்த்து வாங்குவது

0.01 கிராம் காட்டும் சின்ன டிஜிட்டல் தராசு ஒன்று கட்டாயம் வேண்டும். சின்னச் சின்ன முத்திரைகள் குத்திய பழங்கால வெள்ளி முத்திரைக் காசு ஏறக்குறைய 3.4 கிராம் இருக்கும். அகஸ்டஸ், டைபீரியஸ் காலத்து ரோமானிய வெள்ளி தினாரியஸ் 3.7 முதல் 3.9 கிராம் வரை. திப்புவின் பைசா 11 கிராம் அளவில், இரட்டைப் பைசா அதைப்போல் இரு மடங்கு. தேய்ந்ததாலும் அரித்ததாலும் எடை குறையலாம். கூடியிருந்தால் சந்தேகப்படுங்கள்.

ஆனால் எடை சரியாக இருப்பதால் காசு அசலாகிவிடாது. நல்ல போலிக்காரர் எடையைத்தான் முதலில் சரிசெய்வார். செப்புக்காசுகளில் அந்தக் காலத்திலேயே எடை முன்னே பின்னே இருந்தது என்பதையும் மறக்க வேண்டாம்.

தங்கத்துக்கு நீரில் எடைபோடும் சோதனையைப் பலர் சொல்வார்கள். வராகன் என்ற 3.4 கிராம் தங்கக்காசு சுத்தத் தங்கமாக இருந்தால் நீரில் 0.18 கிராம்தான் குறையும். 'பணம்' என்ற, அரைக் கிராம்கூட இல்லாத குட்டித் தங்கக்காசில் அந்த வித்தியாசம் 0.02 கிராம் அளவுக்கு வந்துவிடும். வீட்டுத் தராசு அதைச் சொல்லாது. ஹால்மார்க் மையத்தில் எக்ஸ்-ரே கருவியில் காட்டலாம். அதுவும் உலோகத்தைத்தான் சொல்லும். தேய்ந்த பழைய வெள்ளியை உருக்கிப் புதிதாக அடித்திருந்தால் கருவி அதையும் நல்ல வெள்ளி என்றே காட்டும்.

பச்சையாக இருந்தால் பழசு என்று நினைப்பது

உப்பும் வினிகரும் போதும், செம்பு சில நாளில் பச்சையாகிவிடும். அந்தப் பச்சை மாவு போல இருக்கும், பளிச்சென்று அடிக்கும், பல்குத்தும் குச்சியால் சுரண்டினாலே வரும். சிலர் சாயம் பூசி வார்னிஷ் அடித்திருப்பார்கள். நெயில் பாலிஷ் அழிக்கும் திரவத்தைப் பஞ்சில் தொட்டு விளிம்பில் துடைத்தால் நிறம் பஞ்சுக்கு வந்துவிடும். மண்ணில் தானாக வளர்ந்த களிம்பு கெட்டியாக, அடுக்கடுக்காக இருக்கும். பச்சை பெயர்ந்த இடத்தில் அடியில் செங்காவி நிறப் படலம் தெரியும்.

புளி போட்டு விளக்குவது

வேண்டவே வேண்டாம், காசின் மதிப்பும் போகும், அசலா போலியா என்று சொல்லும் சாட்சியும் போகும்.

அசலைப் போலி என்று ஒதுக்குவது

எச்சரிக்கை முற்றிப்போனால் இதுவும் நடக்கிறது. கல்லூரி மாணவர் ஒருவர் தாத்தா வீட்டுத் திப்பு பைசாவைப் போலி என்று முடிவுகட்டி, பழைய பாத்திரத்தோடு எடைக்குப் போட இருந்தார். ஆண்டு எண் தலைகீழாக இருக்கிறதாம். திப்பு 1787 வாக்கில் மௌலூதி என்ற ஆண்டுக்கணக்கைக் கொண்டுவந்தார். 1215-இல் தொடங்கும் அந்த ஆண்டுகளைக் காசில் வலமிருந்து இடமாகப் பொறித்தார்கள். அந்தக் காசு சரியாகத்தான் இருந்தது.

ரோமானியக் காசிலும் இப்படித்தான். எழுத்து குழம்பி, முகம் கோணலாக இருப்பதெல்லாம் இன்றைய போலி அல்ல. அந்தக் காலத்திலேயே இந்தியாவில் ரோமானியக் காசைப் பார்த்து நகல் செய்திருக்கிறார்கள், அவற்றுக்கும் மதிப்பு உண்டு. முகத்தின் குறுக்கே வெட்டு விழுந்த தங்கக்காசும் உண்டு. 1898-இல் புதுக்கோட்டைப் பகுதியில் கிடைத்த புதையலில் அப்படி வெட்டுப்பட்ட ரோமானியத் தங்கக்காசுகள் நிறைய இருந்தன. ஆனால் வெட்டைப் பார்த்து மட்டும் நம்பிவிடாதீர்கள், உளி இன்றும் கடையில் கிடைக்கிறது.

இதற்கெல்லாம் கண் பழக வேண்டும். விலை குறைந்த அசல் செப்புக்காசு ஒன்றிரண்டை நம்பகமான வியாபாரியிடம் வாங்கி, அடிக்கடி லென்ஸில் பாருங்கள். தருமபுரியிலும் கிருஷ்ணகிரியிலும் அரசு அருங்காட்சியகம் இருக்கிறது, சென்னை எழும்பூருக்குப் போனால் நாணயக் கூடமே இருக்கிறது. அரிய காசை முதல் காசாக வாங்குகிறவர் எதோடு ஒப்பிட்டுப் பார்ப்பார்?

"நிலத்தில் கிடைத்தது சார்"

பொய் என்றால், உங்கள் கையில் இருப்பது போலி. உண்மை என்றால் இன்னும் சிக்கல். 1878 புதையல் சட்டப்படி, மண்ணுக்குள் கிடைத்த பொருள் பத்து ரூபாய் மதிப்பைத் தாண்டினாலே கண்டெடுத்தவர் ஆட்சியருக்குத் தெரிவிக்க வேண்டும். தெரிவிக்காத புதையலை வாங்கினால் விசாரணை உங்கள் வீட்டுக்கும் வரும். நூறு ஆண்டு தாண்டிய காசு 1972 சட்டப்படி தொல்பொருள். நாட்டைவிட்டு வெளியே அனுப்ப முடியாது. கிருஷ்ணகிரி மாவட்டத்து மயிலாடும்பாறை அகழாய்வுச் செய்திகள் வந்தபிறகு, "அந்தப் பக்கத்துக் காசு" என்று சொல்லி விற்பதும் நடக்கிறது. அகழாய்வில் எடுப்பது தொல்லியல் துறைக் கணக்கில் போகும், சந்தைக்கு வராது.

ரசீது

காசின் இரண்டு பக்கப் படம், எடை, யாருடைய காசு என்ற விவரம், போலி என்று தெரிந்தால் பணத்தைத் திருப்பித் தருவதாக ஒரு வரி, விற்றவர் கையெழுத்து. இவ்வளவும் எழுதித் தருகிறவரிடம் மட்டும் வாங்குங்கள்.