பழைய படத்தை இணையத்தில் ஏற்றும் முன் அதன் முதுகைப் பாருங்கள்

தேசிய ஆவணக் காப்பகம் ஒன்றின் பழைய புகைப்படங்களை மக்களுக்குத் திறந்துவிடும் வேலை உங்கள் தலையில் விழுந்திருக்கிறதா? எந்த ஸ்கேனர் வாங்கலாம் என்றுதான் எல்லாரும் முதலில் கேட்பார்கள். அதை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம், முதலில் படத்தைத் திருப்பிப் போட்டு முதுகைப் பாருங்கள். பென்சில் கிறுக்கல், ஸ்டூடியோ முத்திரை, செய்தி நிறுவனம் ஒட்டிய தட்டச்சுத் துண்டு, யாரோ போட்ட பழைய எண் என்று அந்தப் படத்துக்கு மிச்சமிருக்கிற ஒரே சாட்சி பல நேரம் அங்கேதான் இருக்கும். அதையும் சேர்த்து ஸ்கேன் செய்யுங்கள்.

பிரிண்ட்டுக்கு 600 டிபிஐ (ஓர் அங்குலத்துக்கு இத்தனை புள்ளி என்ற கணக்கு) தாராளம், சின்ன நெகட்டிவ் என்றால் அதைவிட நிறைய வேண்டும். மூலக் கோப்பு, தரம் குறையாமல் சேமிக்கும் டிஃப் வடிவில் இருக்கட்டும். ஓரம் வெட்டுவது, கீறல் அழிப்பது எல்லாம் ஜேபெக் நகலில் மட்டும். வண்ணம் பூசுவது எதிலுமே வேண்டாம் என்பது என் கட்சி. நெகட்டிவை எந்தப் பக்கம் வைக்கிறீர்கள் என்பதில் கவனம். நான் ஒருமுறை ஒரு கடைத்தெருப் படத்தை இடவலம் மாற்றிப் போட்டுவிட்டேன், பெயர்ப்பலகை எழுத்து வலமிருந்து இடமாக ஓடுகிறதே என்று ஒருவர் சொன்ன பிறகுதான் உறைத்தது. பலகையே இல்லாத படங்களில் எத்தனை அப்படிப் போனதோ!

உரிமை விஷயத்தில் பலர் சறுக்குகிறார்கள். அலமாரியில் இருக்கிறது என்பதாலேயே படத்தின் பதிப்புரிமை காப்பகத்துக்கு வந்துவிடாது. அமெரிக்காவில் மத்திய அரசு ஊழியர் பணியின்போது எடுத்த படத்துக்கு அந்நாட்டில் பதிப்புரிமையே கிடையாது. இந்தியச் சட்டப்படி, வெளியான புகைப்படத்துக்கு 2012 வரை, வெளியான ஆண்டுக்கு அடுத்த ஆண்டிலிருந்து 60 ஆண்டுகள் என்று இருந்தது; 2012 திருத்தத்துக்குப் பிறகு, எடுத்தவர் இறந்த ஆண்டுக்கு அடுத்த ஆண்டிலிருந்து 60 ஆண்டுகள். எடுத்தவர் யாரென்றே தெரியாத படமென்றால், அமெரிக்கக் காங்கிரஸ் நூலகம் 2008-இல் பிளிக்கர் என்ற படப் பகிர்வுத் தளத்தில் படங்களைப் போட்டபோது எழுதிய மாதிரி, "பதிப்புரிமைத் தடை எதுவும் இருப்பதாகத் தெரியவில்லை" என்று போடலாம். தேடிப் பார்த்த பிறகு மட்டும்.

இனி விளக்கக் குறிப்பு. இதற்கு எனக்குத் தெரிந்த நல்ல பாடம் ஜெர்மனியின் கூட்டரசு ஆவணக் காப்பகம். 2008 டிசம்பரில் 80,000-க்கும் மேற்பட்ட படங்களை விக்கிமீடியா காமன்ஸ் என்ற இலவசப் படக் களஞ்சியத்துக்குக் கொடுத்தார்கள், நிபந்தனையோடு யாரும் பயன்படுத்தலாம் என்கிற கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தில், நீளப் பக்கம் சுமார் 800 பிக்சல் அளவில். அளவு சின்னதுதான், ஆனால் பெரிதாகத் தருகிறோம் என்று சொல்லிக்கொண்டே பத்து வருடம் பூட்டி வைப்பதைவிட எவ்வளவோ மேல். சிக்கல் வேறு இடத்தில் இருந்தது: அந்தத் தொகுப்பில் நாஜிப் படையின் பிரச்சாரக் குழுக்கள் எடுத்த படங்களும் உண்டு, கிழக்கு ஜெர்மனியின் அரசு செய்தி நிறுவனப் படங்களும் உண்டு, அவற்றின் கீழே எழுதியிருந்ததை அப்படியே நம்ப முடியாது. அவர்கள் அதை அழிக்கவில்லை. மூலக் குறிப்பை விட்டுவைத்து, இது தவறாகவோ ஒருதலைப்பட்சமாகவோ இருக்கலாம் என்று பக்கத்திலேயே எச்சரிக்கை போட்டார்கள். நீங்களும் அப்படிச் செய்யுங்கள், பழைய குறிப்புக்கு ஒரு கட்டம், உங்கள் குறிப்புக்குத் தனிக் கட்டம். இரண்டையும் கலந்து ஒரே பத்தியாக்கினால் பொய் யாருடையது என்று பின்னால் வருபவருக்குத் தெரியாது.

இன்னொன்றும் அவர்களிடம் பிடித்தது. கோப்பின் பெயரிலேயே காப்பக எண் இருக்கும். "பில்ட் 183" என்று தொடங்கினால் அது கிழக்கு ஜெர்மன் செய்தி நிறுவனப் படம், "101I" என்றால் பிரச்சாரக் குழுப் படம். படம் எத்தனை கைமாறினாலும், யாரும் பெயரை மாற்றாதவரை, பெட்டிக்குத் திரும்பும் வழி கூடவே போகும்.

தேதி தெரியாவிட்டால் "சுமார் 1925" என்று எழுதுங்கள். கட்டம் காலியாக இருக்கக் கூடாதென்று 1925 ஜனவரி 1 என்று போட்டால் அது அப்படியே வரலாறாகிவிடும். ஸ்கேன் செய்த தேதி, படம் எடுத்த தேதியாக ஏறிவிடுவதும் அடிக்கடி நடக்கும். இறந்தோர், கைதிகள், சடங்குகள் பற்றிய படங்களைத் தனியாக எடுத்து வைத்து யோசியுங்கள். ஆஸ்திரேலியக் காப்பகங்கள், இறந்துபோன பூர்வகுடி மக்களின் படங்கள் இருக்கலாம் என்று முன்கூட்டியே சொல்லிவிடுகின்றன.

ஏற்றுவது ஒன்றும் பெரிய வேலையில்லை. பாட்டிபேன் போன்ற கருவியில் விரிதாளை நிரப்பிக் கொடுத்தால் காமன்ஸில் மொத்தமாக ஏறிவிடும். முதலில் ஒரு 20 படம் ஏற்றிப் பாருங்கள்.

ஏற்றிய பிறகுதான் ஆள் வேண்டும், பதில் சொல்ல. காங்கிரஸ் நூலகம் போட்ட 4,615 படங்களுக்கு 2008 அக்டோபருக்குள் 7,000-க்கும் மேல் கருத்துகள் வந்தன, அதை வைத்து 500-க்கும் மேற்பட்ட பட்டியல் பதிவுகளைச் செம்மைப்படுத்தினார்கள். பிரிட்டனின் தேசிய ஆவணக் காப்பகம் 2011-இல் காலனி அலுவலகத்தின் ஆப்பிரிக்கப் படங்களைப் போட்டபோது, இவர்கள் யார், இது எந்த இடம், சொல்லுங்கள் என்று வெளிப்படையாகவே கேட்டது. நீங்களும் கூச்சப்படாமல் கேளுங்கள். வருகிற திருத்தத்தை இணையப் பக்கத்தோடு நிறுத்தாமல், காப்பகத்தின் சொந்தப் பட்டியலிலும் ஏற்றுங்கள், எப்போது வந்தது, எந்த ஆதாரத்தோடு வந்தது என்ற குறிப்போடு.