அரசு திட்டங்களை மதிப்பீடு பண்ண அதிகாரிகளோட எப்படி கூட்டு சேர்றது?

ரிப்போர்ட்டை முடிச்சிட்டு கொண்டுபோய் கொடுத்தா யாரும் படிக்க மாட்டாங்க, திட்டம் போடுறப்பவே உள்ள போயிடணும். முதல்ல துறைகிட்ட "உங்களுக்கு எது தெரியணும்?"னு கேளுங்க, கேள்வி அவங்களோடதா இருந்தாதான் பதிலும் அவங்களுக்கு வேணும்னு தோணும்.

மெக்ஸிகோவைப் பாருங்க. 1997ல ப்ரோக்ரெசான்னு ஒரு திட்டம், புள்ளைங்க ஸ்கூலுக்குப் போனா, செக்கப்புக்கு வந்தா குடும்பத்துக்குப் பணம். 506 கிராமத்தை ஆய்வுக்கு எடுத்து, குலுக்கல் முறையில 320க்கு முதல்ல, மீதி 186க்கு அப்புறம்னு கொடுத்தாங்க, எப்படியும் ஒரே நாள்ல எல்லாருக்கும் கொடுக்க முடியாது, அந்த வரிசையை வெச்சே பணம் வந்த கிராமத்தையும் இன்னும் வராத கிராமத்தையும் ஒப்பிட்டுப் பார்த்தாங்க, மதிப்பீட்டை வெளி ஆராய்ச்சி நிறுவனம் ஒண்ணுகிட்ட விட்டாங்க. 2000ல ஆட்சி மாறியும் திட்டம் நின்னு போகல, 2002ல பேரை மாத்தி நகரங்களுக்கும் கொண்டு போனாங்க. இதுல ரொம்ப முக்கியம் அந்த வெளி ஆளுதான், எதிர்க்கட்சியும் நம்புற மாதிரி இருக்கணும்.

அப்புறம் ஒப்பந்தத்தைத் துறைகூட எழுத்துல போடுங்க, ஒரே ஒரு அதிகாரியை நம்பாதீங்க, அவருக்கு ட்ரான்ஸ்ஃபர் வந்தா எல்லாம் போச்சு. டேட்டா யாருக்கு, ரிசல்ட் சரியில்லன்னாலும் வெளியிடலாமா, இதையெல்லாம் முன்னாடியே பேசிடுங்க. நிதித்துறை ஆளையும் கூட்டத்துக்குக் கூப்பிடுங்க. ரிசல்ட்டை பட்ஜெட் வேலை தொடங்குறதுக்கு முன்னாடி ரெண்டு பக்கத்துல கொடுங்க.