டோபமைன் குறைந்தால் நிரப்பினால் போதுமா? பார்க்கின்சனில் நடக்கும் தவறுகள்

கை நடுங்கினால் பார்க்கின்சன், பார்க்கின்சன் என்றால் மூளையில் டோபமைன் குறைவு, குறைந்ததை மாத்திரையால் நிரப்பினால் சரியாகிவிடும். பலரும் இப்படித்தான் புரிந்துவைத்திருக்கிறார்கள். அப்பாவுக்கு நோய் வந்த புதிதில் நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன். இரும்புச்சத்து குறைவதுபோல இதைப் பார்ப்பதிலிருந்துதான் மற்ற தவறுகள் எல்லாம் கிளம்புகின்றன. டோபமைன் சத்துப்பொருள் இல்லை. ஒரு நரம்பணு இன்னொரு நரம்பணுவுக்கு அனுப்பும் சேதி அது. எங்கே போய்ச் சேர்கிறது, எந்த நேரத்தில் சேர்கிறது என்பதும் அளவைப் போலவே முக்கியம்.

நடுமூளையில் சப்ஸ்டான்ஷியா நைக்ரா என்றொரு சிறிய பகுதி உண்டு. நியூரோமெலனின் என்ற நிறமியால் வெறும் கண்ணுக்கே கறுப்பாகத் தெரியும். அங்கிருக்கும் நரம்பணுக்கள் ஸ்ட்ரையேட்டம் என்ற மூளைப் பகுதிக்கு டோபமைனை அனுப்புகின்றன. ஸ்ட்ரையேட்டத்திலிருந்து இரண்டு பாதைகள் கிளம்புகின்றன: ஒன்று அசைவுக்கு வழிவிடும், மற்றது அசைவை அடக்கும். ஏற்பி என்பது சேதியை வாங்கிக்கொள்ளும் கதவு. டோபமைன் முதல் பாதையை டி1 ஏற்பிகள் மூலம் தூண்டிவிடுகிறது, இரண்டாவதை டி2 ஏற்பிகள் மூலம் தணிக்கிறது. ஆக, அது குறையும்போது தூண்டுதலும் போகிறது, தடையும் கூடுகிறது. தசையில் வலு இருந்தும் நாற்காலியை விட்டு எழ முடியாமல் ஒருவர் உட்கார்ந்திருப்பது இதனால்தான். அவரைப் பார்த்து "கொஞ்சம் முயற்சி பண்ணக் கூடாதா" என்று கேட்பது கொடுமை.

1950-களின் இறுதியில் ஸ்வீடனில் அர்விட் கார்ல்சன் என்ற விஞ்ஞானி இதை முயல்களிடம் காட்டினார். டோபமைனை வற்றவைக்கும் ரிசர்பின் என்ற மருந்தைக் கொடுத்ததும் அசையாமல் கிடந்த முயல்கள், உடம்பில் டோபமைனாக மாறும் டோபா என்ற பொருளை ஊசியில் போட்டதும் எழுந்து நடமாடின. 1960-இல் வியன்னாவில் எரிங்கர், ஹார்னிகீவிச் என்ற ஆய்வாளர்கள், பார்க்கின்சனால் இறந்தவர்களின் ஸ்ட்ரையேட்டத்தில் டோபமைன் மிகவும் குறைந்திருப்பதைக் கண்டறிந்தார்கள். இன்று கொடுக்கும் லெவோடோபா சிகிச்சை அங்கிருந்துதான் வளர்ந்தது.

நடுக்கத்தை மட்டும் வைத்து முடிவுக்கு வராதீர்கள். மடியில் சும்மா கிடக்கும் கை நடுங்கி, தம்ளரை எடுக்கப் போனதும் நடுக்கம் அடங்கினால் அது பார்க்கின்சனின் போக்கு. சும்மா இருக்கும்போது அமைதியாக இருக்கும் கை, தம்ளரை வாயருகே கொண்டுபோகும்போது தண்ணீர் சிந்துமளவு ஆடினால், பெரும்பாலும் அது எசென்ஷியல் ட்ரெமர் என்ற வேறு கோளாறு. நடுக்கமே இல்லாத பார்க்கின்சனும் உண்டு. கையெழுத்து சிறுத்துப்போவது, நடக்கும்போது ஒரு கை மட்டும் வீசாமல் இருப்பது, முகபாவம் குறைவது, இவையெல்லாம் வயதின் கோளாறு என்று தள்ளிவிடப்படுகின்றன. வாசனை தெரியாமல் போவதும், தூக்கத்தில் கனவுக்கேற்பக் கையைக் காலை உதறுவதும் பல வருடங்கள் முன்பே வந்திருக்கலாம்.

இன்னொன்று, சாப்பிடும் மற்ற மருந்துகளின் பட்டியலை மருத்துவரிடம் காட்டாமல் விடுவது. வாந்திக்குக் கொடுக்கும் மெட்டோகுளோப்ரமைடு, தலைசுற்றலுக்குக் கொடுக்கும் சின்னாரிசின், மனநோய்க்கான ஹாலோபெரிடால் போன்றவை டோபமைன் ஏற்பிகளை அடைத்துவிடும். சேதி வந்தும் கதவு திறக்காது. அதனால் பார்க்கின்சன் போலவே விறைப்பும் மந்தமும் வரும். காரணமான மருந்தை மருத்துவர் நிறுத்தினால் பலருக்கு இது தணிந்துவிடும், சில மாதங்கள் பிடிக்கலாம். காரணம் தெரியாமல் மேலே இன்னொரு மாத்திரை சேர்ந்துவிடுவதுதான் வருத்தம்.

சரி, லெவோடோபா தொடங்கியாயிற்று. டோபமைனை நேரடியாகக் கொடுத்தால் அது ரத்தத்திலிருந்து மூளைக்குள் நுழையாது. அதன் முன்வடிவமான லெவோடோபா நுழையும். வழியிலேயே அது டோபமைனாக மாறி வீணாகாமல் இருக்கத்தான் கூடவே கார்பிடோபா. ஆனால் லெவோடோபா குடலிலிருந்து ரத்தத்துக்கும், ரத்தத்திலிருந்து மூளைக்கும் ஏறும் அதே வண்டியில்தான் புரதத்தின் அமினோ அமிலங்களும் ஏறுகின்றன. புரதம் நிறைந்த சாப்பாட்டோடு விழுங்கினால் இடத்துக்குப் போட்டி. அப்பாவுக்கு மதிய மாத்திரை "வேலையே செய்யவில்லை" என்று பல வாரம் குழம்பினோம். சாப்பாட்டுக்கு அரைமணி நேரம் முன்னால் கொடுக்கச் சொன்னார் நரம்பியல் மருத்துவர். அளவு ஒரு மில்லிகிராம்கூடக் கூடவில்லை, நடை மாறியது. இதற்காகப் புரதத்தையே நிறுத்திவிடாதீர்கள், உடம்பு உருகிப்போகும்.

சில வருடங்கள் போனதும் மாத்திரையின் பலன் அடுத்த வேளைக்குள் தீர்ந்துபோகத் தொடங்கும். அதே சமயம், மருந்து உச்சத்தில் இருக்கும்போது உடம்பு நெளிந்து வளைந்து ஆடும். இது டிஸ்கைனீசியா. நோய்தான் முற்றிவிட்டது என்று பயந்து வீட்டிலேயே ஒரு மாத்திரையைக் கூட்டினால் ஆட்டம் இன்னும் கூடும். எத்தனை மணிக்கு மாத்திரை, எத்தனை மணிக்கு ஆட்டம், எத்தனை மணிக்கு விறைப்பு என்று 3 நாள் குறித்துக்கொண்டு போங்கள். மருத்துவருக்கு அந்தத் தாள் பெரிய உதவி.

பூனைக்காலி விதையில் லெவோடோபா இருப்பது உண்மை. ஆனால் ஒரு பொடியில் எவ்வளவு இருக்கிறது என்பது மாறிக்கொண்டே இருக்கும். மாத்திரையோடு மறைவாகச் சேர்த்துக்கொள்வது ஆபத்து. அதைவிட ஆபத்து, மாத்திரையைத் திடீரென்று நிறுத்துவது. கடும் காய்ச்சல், கட்டைபோல விறைப்பு, குழப்பம் என்று உயிருக்கே உலை வைக்கும். வேறு காரணத்துக்காக மருத்துவமனையில் சேர்ந்தாலும் இந்த மாத்திரைகளின் நேரத்தை முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

பார்க்கின்சனுக்கே கொடுக்கும், டோபமைனைப் போல வேலை செய்யும் பிரமிபெக்சோல், ரோபினிரோல் போன்ற மருந்துகள் சிலரிடம் அடக்க முடியாத சூதாட்ட ஆசையையோ, வாங்கிக் குவிக்கும் வெறியையோ கிளப்பும். டோபமைனின் வேலை அசைவோடு நிற்பதில்லை. குணம் கெட்டுவிட்டது என்று சண்டை போடுவதை விட்டு, அன்றே மருத்துவரிடம் சொல்லுங்கள்.

அப்புறம், உறைந்து நிற்பது. வாசற்படி அருகே அப்பாவின் பாதங்கள் தரையில் ஒட்டிக்கொள்ளும், மேல் உடம்பு மட்டும் முன்னால் சாயும். கையைப் பிடித்து இழுத்தேன், விழப்போனார். இழுக்கவே கூடாது என்று பிறகுதான் தெரிந்தது. கண்ணுக்குத் தெரியும் ஒரு குறி இருந்தால் மூளை வேறு வழியில் அசைவைத் தொடங்கிவிடுகிறது. வாசல் நிலைக்கு முன்னால் தரையில் குறுக்காக வெள்ளை டேப் ஒட்டினோம். இப்போது அங்கே வந்ததும் ஒரு கணம் நின்று, டேப்பைப் பார்த்து, காலைத் தூக்கித் தாண்டி வைக்கிறார்.