வீடியோ வழிப் பயிற்சி: புற்றுநோயிலிருந்து மீள்பவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

கீமோதெரபி முடித்த ஒருவர் வேதாரண்யத்திலிருந்தோ திருத்துறைப்பூண்டியிலிருந்தோ பேருந்தேறித் தஞ்சாவூருக்குப் போய், அரை மணி நேரம் பயிற்சி செய்துவிட்டுத் திரும்புவதென்றால், பயிற்சியைவிடப் பயணமே அவரை அதிகம் களைப்பாக்கும். இயன்முறை மருத்துவர் செல்பேசித் திரையில் பார்த்துச் சொல்ல, வீட்டிலிருந்தபடியே செய்வது டெல்டா கிராமங்களுக்கு ஏற்ற வழிதான். ஆனால் பயிற்சிக் கூடத்தில் நேரில் இருப்பவரைத் தொட்டும் நடக்கவைத்தும் அறிவதைத் திரையால் அறிய முடியாது. பெரும்பாலான தவறுகள் இந்த இடைவெளியில்தான் நேர்கின்றன.

செல்பேசியைப் பேரன் கையில் கொடுத்து முகத்தை மட்டும் காட்டுவது முதல் தவறு. மார்பகத்திலோ கழுத்திலோ அறுவை நடந்தவர் கையைத் தூக்கும்போது தோள்பட்டை காதை நோக்கி ஏறுகிறதா, இடுப்பு ஒரு பக்கம் சாய்கிறதா என்பதைத்தான் மருத்துவர் பார்க்க வேண்டும். செல்பேசியைத் திண்ணைத் தூணிலோ அலமாரியிலோ இடுப்பு உயரத்தில் சாய்த்து, ஆறேழு அடி பின்னால் நின்று, தலை முதல் கால்வரை தெரிகிறதா என்று தொடங்குமுன் கேட்டுக்கொள்வது நல்லது. தோள்பட்டையைப் போர்த்தி மறைக்கும் புடவைத் தலைப்பைவிட, உடலோடு ஒட்டிய சுடிதார் மேலாடை பயிற்சிக்கு வசதியானது.

அதைவிடப் பெரிய தவறு வாயில் இருக்கிறது. “எப்படிம்மா இருக்கீங்க?” என்றால் “பரவாயில்லை சார்” என்று சொல்வது நம் ஊர் மரியாதை, பயிற்சியில் அந்தப் பதிலால் ஒரு பயனும் இல்லை. உழைப்பு 0 முதல் 10 வரை எவ்வளவு கடினமாக இருந்தது, நேற்றைய களைப்பு இன்று காலைவரை நீடித்ததா, எந்த விரல் மரத்திருக்கிறது என்று விவரமாகச் சொன்னால்தான் அடுத்த வாரப் பயிற்சியைக் கூட்டவோ குறைக்கவோ முடியும். நாடித்துடிப்பு மட்டும் போதாதா என்று சிலர் கேட்கலாம். ரத்த அழுத்தத்துக்காகப் பீட்டா பிளாக்கர் மாத்திரை எடுப்பவரின் நாடி எவ்வளவு உழைத்தாலும் அதிகம் ஏறாது என்பதால், பேச முடிகிறது, பாட முடியவில்லை என்ற அளவே மிதமான உழைப்புக்கு நம்பகமான அடையாளம்.

மார்பகப் புற்றுநோய்க்கு அக்குள் நிணநீர்க் கணுக்களை எடுத்தவர்களிடம், அந்தக் கை வீங்கிவிடும், அதனால் எதையும் தூக்கக் கூடாது என்ற அறிவுரை இன்னும் சொல்லப்படுகிறது. கை வீக்கம் இருந்த 141 பெண்களிடம் அமெரிக்காவில் நடந்து 2009-இல் வெளியான ஆய்வில், மேற்பார்வையில் தொடங்கிப் படிப்படியாக எடையைக் கூட்டியவர்களுக்கு வீக்கம் அதிகமாகவில்லை; திடீரென்று மோசமாவதும் குறைந்தது. அவர்கள் பயிற்சியின்போது கையை இறுக்கிப் பிடிக்கும் அழுத்த உறை அணிந்திருந்தார்கள் என்பதையும் சேர்த்தே படிக்க வேண்டும். ஆகவே கையை முடக்கி வைப்பதும் தவறு, தேறிவிட்டோம் என்று முதல் வாரமே நிறைகுடத்தைத் தூக்குவதும் தவறு. நடவு நட்ட கைக்கு அரை லிட்டர் தண்ணீர் பாட்டிலில் தொடங்குவது வேடிக்கையாகத் தோன்றலாம், தொடக்கம் அங்கேதான். வழக்கமாக முன்கையில் ஏறும் வளையல் மணிக்கட்டிலேயே இறுகினாலோ, ரவிக்கைக் கை பிடித்தாலோ, கை கனத்தாலோ, கண்ணுக்கு வீக்கம் தெரியுமுன்பே சொல்லிவிட வேண்டும். தையற்காரர் டேப்பால் வாரம் ஒருமுறை இரு கைகளையும் ஒரே இடங்களில் அளந்து எழுதிவைப்பது இன்னும் நல்லது. கை சிவந்து சூடானால் பயிற்சியை நிறுத்தி அன்றே மருத்துவரைப் பார்க்க வேண்டும். அது தொற்றாக இருக்கக்கூடும்.

பாக்லிடாக்செல், ஆக்சாலிபிளாட்டின் போன்ற கீமோ மருந்துகளால் பாதம் மரத்தவர்கள் நடைப்பயிற்சி என்று வெறுங்காலோடு வரப்பில் இறங்குவதைப் பார்க்கிறோம். முள் குத்தியதும் தெரியாது, வழுக்குவதும் தாமதமாகவே தெரியும். பின்பட்டை உள்ள செருப்போடு சமதளத் தெருவில் நடப்பதும், ஒற்றைக்கால் பயிற்சியைச் சுவரைப் பிடித்துச் செய்வதும் போதும். சித்திரை, வைகாசியில் வெயில் ஏறுமுன் முடித்துவிட வேண்டும்.

அடுத்த வீட்டுக்காரருக்கு வந்த பயிற்சி வீடியோவை வாங்கிச் செய்வது ஆபத்தானது. புற்றுநோய் எலும்புக்குப் பரவியவர் முதுகை முறுக்கிக் குனிவதும், அறுவைக்குப் பின் மலம் சேர வயிற்றில் பை வைத்திருப்பவர் மூச்சடக்கிக் கனம் தூக்குவதும் கேடு தரும். அவரவர் அறுவைச் சிகிச்சைக் குறிப்பையும் அண்மைய ரத்தப் பரிசோதனையையும் பார்த்தவர் சொல்லும் பயிற்சியே அவரவருக்குரியது.

வல்லுநர் குழுவொன்று 2019-இல் வெளியிட்ட பரிந்துரைப்படி, வாரம் 3 நாள் 30 நிமிடம் மிதமான நடை போன்ற பயிற்சியும், 2 நாள் தசை வலுப் பயிற்சியும் களைப்பையும் மனச்சோர்வையும் குறைக்க உதவும். அந்த 30 நிமிடத்தை முதல் நாளே எட்ட முயன்று மூன்று நாள் படுத்துவிடுவதைவிடப் பத்துப் பத்து நிமிடமாகப் பிரிப்பது மேல்.

காய்ச்சல் 100.4 டிகிரியைத் தொட்ட நாளில் பயிற்சி வேண்டாம். கீமோ நடந்துகொண்டிருப்பவர் உடனே மருத்துவமனைக்குச் சொல்ல வேண்டும். வீட்டில் யாரும் இல்லாத நேரத்தில் பயிற்சி செய்பவர், அழைப்பு தொடங்கியதும் தெரு, ஊர், அருகிலுள்ளவரின் செல்பேசி எண் மூன்றையும் இயன்முறை மருத்துவரிடம் கொடுத்துவைக்க வேண்டும். நெஞ்சு வலித்தாலோ, உட்கார்ந்த பிறகும் மூச்சு அடங்காவிட்டாலோ, வீடியோவில் விளக்கிக்கொண்டிராமல் 108-ஐ அழைக்க வேண்டும்.